பத்தரை மணி ஊத்தப்பம்

ஞாயிற்றுக்கிழமை காலை டிபனும் சாப்பிடாமல், மதியச் சாப்பாட்டுக்கும் காத்திருக்காமல், பத்தரை மணிவாக்கில் நிதானமாக உட்கார்ந்து இரண்டையும் ஒரே வேளையாகச் சாப்பிடுவதற்கு இப்போது 'பிரன்ச்' என்று பெயர். புதுச்சேரி கடற்கரைப் பக்கத்து ஓட்டல்களின் வாசலில் கரும்பலகை வைத்துச் சாக்பீசால் எழுதியிருக்கிறார்கள். பெங்களூரிலிருந்து வந்திருந்த என் பேரன் அதைப் படித்துவிட்டு, "தாத்தா, பிரன்ச்னா என்னன்னு தெரியுமா?" என்று கேட்டான். "பதினாலு வருஷமா சாப்பிட்டுக்கிட்டிருக்கேன். பேர்தான் இப்பத் தெரியுது" என்றேன்.

அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்றது முதல் அநேகமாக எல்லா ஞாயிற்றுக்கிழமையும் நானும் என் மனைவியும் முத்தியால்பேட்டையில் எங்கள் தெருமுனையில் இருக்கும் ஒரு சிறிய ஓட்டலில்தான் சாப்பிடுகிறோம். அதற்குப் பெயர்ப்பலகை உண்டு. ஆனால் அந்தப் பெயரைச் சொல்லி வழி கேட்டால் தெருக்காரர்களே யோசிப்பார்கள். 'முனைக்கடை' என்றால் உடனே கைகாட்டுவார்கள். எட்டு மேசை, சுவரில் ஒரு காலண்டர், கல்லாவுக்கு மேலே ஊதுவத்தி, கை கழுவுகிற இடத்தில் எப்போதும் கொஞ்சம் சொட்டும் ஒரு குழாய். இவ்வளவுதான் கடை.

பேரன் கேட்டதற்காக அந்த வார்த்தையைப் பற்றிக் கொஞ்சம் தேடிப் படித்தேன். 1895-ல் கை பெரிஞ்சர் என்கிற இங்கிலாந்துக்காரர் 'ஹன்டர்ஸ் வீக்லி' என்ற பத்திரிகையில் ஒரு கட்டுரை எழுதினார். பிரேக்ஃபாஸ்ட், லஞ்ச் இரண்டையும் சேர்த்து 'பிரன்ச்' என்ற சொல்லை அச்சில் கொண்டுவந்தவர் அவர்தான் என்கிறார்கள். ஞாயிறு காலை தேவாலயம் போய் வந்ததும் கனமான சாப்பாடு போடும் வழக்கத்தை விட்டுவிட்டு, காலையும் மதியமும் கலந்த ஒரு வேளை வைத்துக்கொள்ளலாமே என்பது அவருடைய வாதம். சனிக்கிழமை இரவு நேரம் கழித்துப் படுத்தவர்கள் அவசரமாக எழுந்திருக்க வேண்டாம். சாவகாசமாகச் சாப்பிடும்போது மனிதர்கள் கலகலப்பாகப் பேசவும் செய்வார்கள் என்று எழுதினாராம். இதில் பின்பாதியை நான் முழுமனதோடு ஒப்புக்கொள்கிறேன். முன்பாதி நமக்குப் பொருந்தாது. எழுபது வயதைத் தாண்டியவனுக்குச் சனிக்கிழமையானால் என்ன, செவ்வாய்க்கிழமையானால் என்ன, நாலரைக்கெல்லாம் விழிப்பு வந்துவிடுகிறது.

நான் படித்தது பிரெஞ்சு வழிக் கல்வி. அதனால் சாப்பாட்டு வேளைகளின் பெயர்கள் இடம் மாறுவது எனக்குப் புதிதல்ல. பிரெஞ்சில் மதியச் சாப்பாட்டுக்கு 'தெழெனே' என்று பெயர். அந்தச் சொல்லைப் பிரித்தால் 'நோன்பை முறிப்பது' என்றுதான் பொருள் வரும். நோன்பை முறிப்பது காலையில்தானே? ஆமாம், ஒரு காலத்தில் அது காலை உணவின் பெயராகத்தான் இருந்தது. பாரிஸ் நகரத்தில் பெரிய மனிதர்கள் சாப்பிடும் நேரம் தள்ளிக்கொண்டே போகவும், பெயர்களும் கூடவே நகர்ந்துவிட்டன. 'தெழெனே' மதியத்துக்குப் போயிற்று. மதியத்தில் இருந்த 'தினே' இரவுக்குப் போயிற்று. காலைக்குப் பெயர் இல்லாமல் போகவே 'பெத்தி தெழெனே', அதாவது 'சின்ன தெழெனே' என்று ஒன்றை வைத்துக்கொண்டார்கள். பெல்ஜியத்திலும் சுவிட்சர்லாந்திலும் கியூபெக்கிலும் பிரெஞ்சு பேசுகிறவர்கள் இன்னும் பழைய முறைப்படி காலை உணவைத்தான் 'தெழெனே' என்கிறார்கள். பள்ளியில் இதைக் கேட்டபோது எங்களுக்குச் சிரிப்பாக இருந்தது.

நம்மிடமும் கதை அப்படித்தான். 'டிபன்' என்பது வெள்ளைக்காரர்கள் இந்தியாவில் மதியத்தில் சாப்பிட்ட எளிய உணவுக்கு வைத்திருந்த பெயர். நம் கைக்கு வந்ததும் அது இட்லி, தோசைக்குப் பெயராகி, காலைக்கும் மாலைக்கும் போய்விட்டது. காலை உணவுக்குத் தமிழில் எனக்குப் பிடித்த சொல் ஒன்று உண்டு. உத்தியோகத்தில் இருந்தபோது மூன்று வருடம் காரைக்காலில் போட்டிருந்தார்கள். அங்கே முஸ்லிம் நண்பர்கள் வீட்டில் காலையில் "பசியாறியாச்சா?" என்று கேட்பார்கள். பசியாறுதல் என்றாலே அங்கே காலை உணவுதான். பிரெஞ்சுக்காரன் நோன்பை முறிக்கிறான். நாம் பசியை ஆற்றுகிறோம். புண் ஆறுவதும், மனம் ஆறுவதும், சூடான பால் ஆறுவதும் அதே சொல்தான். அந்தக் கேள்வியைக் கேட்டாலே பாதிப் பசி போய்விடும்.

இனி முனைக்கடைக்கு வருகிறேன்.

பத்தரை மணி என்பது ஓட்டல்காரர்களுக்கு ஒரு ரெண்டுங்கெட்டான் நேரம். ஆறு மணிக்குப் பற்ற வைத்த அடுப்பில் டிபன் வியாபாரம் ஒன்பதரைக்கெல்லாம் ஓய்ந்துவிடும். சாப்பாடு பன்னிரண்டுக்கு மேல்தான். பெரிய ஓட்டல்களில் அந்த நேரத்தில் போனால் மேசையைத் துடைத்துக்கொண்டே "டிபன் முடிஞ்சிடுச்சு சார்" என்பார்கள். முனைக்கடையில் அப்படிச் சொல்வதில்லை. ஒரு பக்கம் ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருப்பார்கள். இன்னொரு பக்கம் தோசைக்கல் சூடாகவே இருக்கும். மாஸ்டர் அப்போதுதான் ஒரு டீயைக் கையில் எடுத்திருப்பார். எங்களைப் பார்த்ததும் அதை வைத்துவிட்டுக் கரண்டியை எடுப்பார்.

அந்த நேரத்தில் இட்லி கேட்கக் கூடாது என்பது நான் கற்றுக்கொண்ட பாடம். சனிக்கிழமை சாயந்திரம் ஆட்டி வைத்த மாவு, விடியற்காலையில் பொங்கி நிற்கும்போது இட்லிக்குச் சரியாக இருக்கும். வெயில் ஏற ஏறப் புளித்துக்கொண்டே போகும். பத்தரை மணிக்கு அது இட்லி மாவு அல்ல, ஊத்தப்ப மாவு. ஊத்தப்பத்துக்கு அந்தப் புளிப்பு வேண்டும். கொஞ்சம் கனமாக ஊற்றி, சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் தூவி, ஓரத்தில் நல்லெண்ணெய் விட்டு, மூடி வைத்து எடுத்தால் அடிப்பக்கம் மொறுமொறுவென்றும் மேல்பக்கம் பஞ்சு போலவும் வரும். காலை ஏழு மணி மாவில் இந்த ருசி வராது. சாம்பாரும் அப்படியே. முதல் பந்திக்கு வரும் சாம்பார் தண்ணீராக ஓடும். அடியில் தங்கிய பருப்பும் காயும் எங்களுக்குத்தான் வரும்.

காலையில் போட்ட மசால் வடை மீந்திருந்தால் அன்றைக்கு வடைகறி உண்டு. உதிர்த்த வடையை வெங்காயம், தக்காளி, பட்டை, சோம்பு சேர்த்த குழம்பில் போட்டுக் கொதிக்க விட்டால் வடைகறி. இப்போது கடலைப் பருப்பை அரைத்து ஆவியில் வேகவைத்து, அதற்கென்றே தனியாகச் செய்கிறார்கள். ஆனால் அது பிறந்தது மீந்த வடையிலிருந்துதான். பிரெஞ்சிலும் இதற்கு ஒரு அண்ணன் உண்டு. காய்ந்துபோன ரொட்டியைப் பாலிலும் முட்டையிலும் தோய்த்து வெண்ணெயில் வாட்டி எடுப்பதற்கு 'பேன் பெர்த்யூ' என்று பெயர். 'தொலைந்துபோன ரொட்டி' என்று அர்த்தம். நம் ஊர் பேக்கரிகளில் பாம்பே டோஸ்ட் என்பார்கள். கடற்கரை ஓட்டல்களின் பிரன்ச் பட்டியலில் அதற்கு இப்போது நல்ல விலை. வீணாகப் போக வேண்டியதைக் காப்பாற்றியவர்கள் எந்த நாட்டிலும் ருசி தெரிந்த சமையல்காரர்கள்தான்.

"மீந்த வடை, புளிச்ச மாவு, ரிட்டையர்ட் ஆசாமிங்க. எல்லாம் ஒரே நேரத்துக்கு வந்து சேருதுங்க" என்று எங்கள் மேசையில் ஒருவர் அடிக்கடி சொல்வார். அவரைப் பற்றித்தான் இன்றைக்கு எழுத நினைத்தேன்.

அவர் என் வயதுக்காரர். பள்ளியில் இரண்டு பெஞ்சு தள்ளி உட்கார்ந்தவர். 1962 ஆகஸ்ட் 16 அன்று புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்ததும், பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டும் என்று விரும்புகிறவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம் என்று இருந்தது. அவருடைய தகப்பனார் எழுதிக் கொடுத்தார், என் தகப்பனார் எழுதிக் கொடுக்கவில்லை. அதனால் அவர் பிரெஞ்சு ராணுவத்துக்குப் போனார், நான் குமாஸ்தா வேலைக்குப் போனேன். ராணுவத்தில் இருந்து வந்தவர்களைப் புதுச்சேரியில் 'சொல்தா' என்போம். அவர் வீட்டுக்கு இன்றும் 'சொல்தா வீடு' என்றுதான் பெயர். என்னை 'முசே' என்று கூப்பிடுவார், என் மனைவியைத் தங்கச்சி என்பார். அவருடைய மனைவி தவறி ஆறு வருடம் ஆகிறது. ஒரே மகன், பிரான்சில் குடும்பத்தோடு இருக்கிறான். பெரிய வீட்டில் இவர் தனியாக.

எங்கள் மேசையில் பேசுவதற்குப் பஞ்சம் இல்லை. பஞ்சப்படி நிலுவை, கண் ஆபரேஷன், காந்தி வீதி ஞாயிறு சந்தையில் வாங்கிய சட்டை, யாருடைய வீடு விடுதியாக மாறிவிட்டது என்கிற கணக்கு, எல்லாம் வரும். நவம்பர் மாதம் வந்தால் ஒரே பேச்சுதான். பென்ஷன் வாங்குகிறவர்கள் உயிரோடு இருப்பதாக நவம்பரில் சான்று கொடுக்க வேண்டும். இப்போது 'ஜீவன் பிரமாண்' என்று கைரேகை வைத்தோ, முகத்தைக் காட்டியோ முடித்துவிடலாம். அவருக்கும் பிரான்சிலிருந்து தாள் வரும். 'செர்த்திஃபிகா த வி' என்று அதற்குப் பெயர், 'உயிர்ச் சான்று'. "ரெண்டு கவர்மென்ட்டுக்கும் நம்ம மேல ஒரே சந்தேகம், முசே" என்பார். அப்போது முனைக்கடை முதலாளி கல்லாவிலிருந்தே, "வாராவாரம் பத்தரை மணிக்கு நான்தான் பார்க்கிறேனே, நான் எழுதித் தரட்டுமா சார்?" என்பார். எல்லோரும் சிரிப்போம்.

போன வருடம் மார்ச் மாதத்தில் ஒரு ஞாயிறு. நாங்கள் ஐந்து பேர் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம். அவர் அன்றைக்குத் தாமதமாக, பதினோரு மணி சுமாருக்கு வந்தார். வந்தவர் பிரெஞ்சில் ஏதோ சொல்லிக்கொண்டே உட்கார்ந்தார். வேடிக்கையாகப் பேசும்போது அவர் பிரெஞ்சுக்குப் போவது வழக்கம்தான். கடையில் ஒடிசாவிலிருந்து வந்த ஒரு பையன் பரிமாறுகிறான். இருபது வயது இருக்கும். தமிழ் இன்னும் அரைகுறைதான். தண்ணீர் டம்ளரை வைத்தவன் நகராமல் நின்று அவரையே பார்த்தான். பிறகு எங்களிடம் எதுவும் சொல்லாமல் நேராகக் கல்லாவுக்குப் போய், "அண்ணா, தாத்தா கை ஆடுது. சட்டை ஃபுல்லா வேர்வை. ஃபேன் ஓடுது, ஆனா வேர்வை" என்றான்.

முதலாளி எழுந்து வந்தார். அவருடைய தகப்பனாருக்குச் சர்க்கரை வியாதி இருந்தது. அதனால் ஒரு பார்வையிலேயே அவருக்குப் புரிந்துவிட்டது. "காலையில மாத்திரை போட்டீங்களா சார்?" என்று இரண்டு முறை கேட்டார். நண்பர் தலையை ஆட்டினார். "ஏதாவது சாப்பிட்டீங்களா?" பதில் இல்லை. அரை டம்ளர் தண்ணீரில் மூன்று ஸ்பூன் சர்க்கரையைக் கலக்கச் சொல்லி, முதலாளியே டம்ளரைப் பிடித்து, மெதுவாகக் குடிக்க வைத்தார். என் மனைவி முந்தானையால் அவர் நெற்றியைத் துடைத்தாள். பத்து, பதினைந்து நிமிடத்தில் முகம் தெளிந்தது. "என்ன தங்கச்சி, எல்லாரும் ஏன் நிக்கிறீங்க?" என்று தமிழில் கேட்டார். மாஸ்டர் கடைசியாக மிச்சமிருந்த இரண்டு இட்லியைச் சுடவைத்து எடுத்துவந்தார். ஆட்டோ பிடித்து டாக்டரிடம் அழைத்துப் போனோம்.

நடந்தது இதுதான். அவர் தினமும் காலை ஏழு மணிக்குச் சர்க்கரை மாத்திரை போட்டு, ஏழரைக்குச் சாப்பிடுகிறவர். ஞாயிற்றுக்கிழமையும் மாத்திரையைப் பழக்கப்படி ஏழு மணிக்கே போட்டுவிடுவார். சாப்பாடு மட்டும் பத்தரைக்குத் தள்ளிப்போகும். பல வாரம் ஒன்றும் ஆகவில்லை. அன்றைக்கு வீட்டுக் குழாயில் தண்ணீர் வராமல், மாடிக்கு ஏறி இறங்கி வேலை பார்த்திருக்கிறார். வேலையும் சேர்ந்து, சாப்பாடும் தள்ளிப்போகவே சர்க்கரை இறங்கிவிட்டது.

இதைப் படிக்கிறவர்களில் பலரும் மாத்திரை போடுகிறவர்கள்தான் என்பதால், டாக்டர் சொன்னதை இங்கே எழுதி வைக்கிறேன். எல்லாச் சர்க்கரை மாத்திரையும் ஒன்றல்ல. சில மாத்திரைகளும் இன்சுலினும் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் ரத்தத்தில் சர்க்கரை வேகமாக இறங்கும். கை நடுக்கம், வேர்வை, படபடப்பு, பேச்சுத் தடுமாற்றம், காரணமில்லாத கோபம், இவையெல்லாம் அதன் அறிகுறிகள். நினைவு இருந்தால் உடனே மூன்று ஸ்பூன் சர்க்கரை, அல்லது அரை டம்ளர் பழச்சாறு கொடுக்க வேண்டும். பதினைந்து நிமிடம் பார்த்து, தெளியவில்லை என்றால் மறுபடி கொடுக்க வேண்டும். தெளிந்ததும் இட்லியோ ரொட்டியோ சாப்பிட வேண்டும். காபியில் போடுகிற சர்க்கரை இல்லாத இனிப்பு மாத்திரை இதற்கு உதவாது. நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, புரை ஏறிவிடும். உடனே 108-ஐக் கூப்பிட வேண்டும். சாப்பிடும் நேரத்தை மாற்றுவதற்கு முன்னால் உங்கள் டாக்டரிடம், "என் மாத்திரையை எந்த நேரத்துக்கு மாற்றிக்கொள்வது?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். பிரன்ச் என்று கரும்பலகையில் எழுதுகிறவர்கள் இதையெல்லாம் எழுத மாட்டார்கள்.

அடுத்த ஞாயிறு நண்பர் வரவில்லை. அதற்கு அடுத்த ஞாயிறும் வரவில்லை. நான் வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். "பையன் போன்ல கத்துறான், முசே. இனிமே தனியா இருக்க வேணாம், வீட்டைப் பூட்டிட்டு இங்க வந்துடுங்கறான். அங்க போய் நான் என்ன பண்றது? பத்தாவது மாடியில ஜன்னலோரம் உக்காந்து பனியைப் பார்த்துக்கிட்டிருக்கறதா?" என்றார். வீட்டிலேயே இருந்துவிட்டால் மகனுடைய கவலை குறையும் என்று நினைத்தார் போலிருக்கிறது. ஆனால் வீட்டில் தனியாக இருக்கும்போது அப்படி வந்திருந்தால் யார் பார்த்திருப்பார்கள்? அதை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. அவருக்கே தெரியும்.

யோசனை சொன்னது முனைக்கடை முதலாளிதான். ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரைக்கு அந்த ஒடிசாப் பையன் இரண்டு இட்லியைப் பொட்டலம் கட்டிக்கொண்டு சொல்தா வீட்டுக்குப் போக வேண்டியது. அவர் மாத்திரை போட்டுவிட்டு அந்த இட்லியைச் சாப்பிட வேண்டியது. பத்தரைக்கு வழக்கம்போலக் கடைக்கு வந்து ஒரு ஊத்தப்பம், ஒரு காபி. டாக்டரிடமும் கேட்டோம். ஞாயிற்றுக்கிழமையும் மற்ற நாள் மாதிரி மாத்திரைக்குப் பின்னால் நேரத்தோடு சாப்பிட்டுவிட வேண்டும், அப்புறம் சாப்பிடுவது அளவாக இருக்க வேண்டும் என்றார். ஆக, கை பெரிஞ்சர் சொன்ன இலக்கணப்படி நண்பர் சாப்பிடுவது இப்போது பிரன்ச் ஆகாது. காலையில் ஒரு பெத்தி தெழெனேயும் ஆகிவிடுகிறது. பேருக்காகவா சாப்பிடுகிறோம்?

இன்னொரு காரியமும் முதலாளி செய்தார். அவரிடம் நீளமான கணக்கு நோட்டு ஒன்று உண்டு. மாதக் கணக்குக்காரர்களின் பற்று அதில்தான் ஏறும். அதன் முதல் பக்கத்தில் எங்கள் மேசையில் உட்காருகிற ஐந்து வீட்டுப் பிள்ளைகளின் போன் நம்பர்களையும் வாங்கி எழுதிக்கொண்டார். நான்கு நம்பர் இந்தியாவில். ஐந்தாவது நம்பருக்கு முன்னால் 33 என்று பிரான்சின் எண். குமாஸ்தாவாக முப்பத்தைந்து வருடம் எத்தனையோ பதிவேடுகளை எழுதியிருக்கிறேன். அந்தப் பக்கத்தைப் போல உபயோகமான பதிவேட்டை நான் எழுதியதாக ஞாபகம் இல்லை.

மகனோடு முதலாளியே போனில் பேசினார். என்ன பேசினார் என்று தெரியாது. அவருக்குப் பிரெஞ்சு தெரியாது, அந்தப் பையனுக்குத் தமிழ் பேச வரும், எழுத வராது. ஆனால் அதற்குப் பிறகு, வீட்டைப் பூட்டு என்கிற பேச்சு நின்றுவிட்டது. இப்போது ஞாயிற்றுக்கிழமை நாங்கள் காபி குடிக்கும்போது அவன் கூப்பிடுகிறான். இங்கே பதினொன்றரை என்றால் அங்கே வெயில் காலத்தில் காலை எட்டு, குளிர் காலத்தில் ஏழு. தூக்கக் கலக்கத்தோடு பேத்தி திரையில் வருவாள். போனை டம்ளர் மேல் சாய்த்து வைத்துவிட்டு, மேசையில் இருக்கிற எல்லோருமே பேசுவோம். மாஸ்டரும் ஒரு நாள் தோசைக் கரண்டியோடு வந்து கையசைத்தார். அந்தக் குழந்தை மொறுமொறுப்பான ஒரு ரொட்டித் துண்டைக் காட்டி, "நானும் தெழெனே சாப்பிடுறேன்" என்றது. "பெத்தி தெழெனே" என்று தாத்தா திருத்தினார். ராணுவத்தில் இருந்தவர், விட மாட்டார்.

பேரன் அழைத்தானே என்று அந்தக் கடற்கரைப் பக்கத்து ஓட்டலுக்கும் போய்வந்தோம். குறை சொல்ல ஒன்றுமில்லை. கிரவாசோன் நன்றாக இருந்தது. கண்ணெதிரே ஆம்லெட் போட்டுக் கொடுத்தார்கள். பழங்களை அழகாக நறுக்கி வைத்திருந்தார்கள். என் மனைவி பேன் பெர்த்யூவை இரண்டாவது தடவை வாங்கிச் சாப்பிட்டாள். பில் எவ்வளவு என்று பேரன் காட்டவில்லை; நான் எட்டிப் பார்த்துவிட்டேன். முனைக்கடையில் நாங்கள் இருவரும் ஞாயிறு சாப்பிட 180 ரூபாய் ஆகிறது. அந்த ஒரு பில்லில் இங்கே நான்கு மாதம் ஓட்டலாம். ஆனால் அதுவல்ல எனக்கு உறைத்தது. அங்கே பரிமாறியவர்கள் மிக மரியாதையாக இருந்தார்கள். எங்களுக்கு யாரையும் தெரியவில்லை, அவர்களுக்கும் எங்களைத் தெரியவில்லை. அடுத்த ஞாயிறு நாங்கள் போகாவிட்டால் அந்த நாற்காலியில் வேறு யாராவது உட்கார்ந்திருப்பார்கள். அது அவர்கள் தொழில், அதில் தப்பும் இல்லை.

திரும்பி வரும்போது மனைவி, "ஏங்க, சாப்பாடு நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா அந்த ஒடிசாத் தம்பி இன்னிக்கு நம்மளக் காணோம்னு தேடியிருப்பான்ல?" என்றாள். வீட்டு வாசலில் வண்டியை விட்டு இறங்கும்போது பக்கத்து வீட்டு அம்மா வந்து, "கடைப் பையன் வந்து விசாரிச்சான், ஊருக்குப் போயிருக்கீங்களான்னு" என்றார்.

நண்பர்களே, வயதானவர்கள் சத்தாகச் சாப்பிட வேண்டும், நேரத்தோடு சாப்பிட வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். சரிதான். எங்கே சாப்பிடுகிறோம் என்பதையும் கொஞ்சம் பார்த்துக்கொள்ளலாம். நடந்து போகும் தூரத்தில் ஒரு சின்னக் கடை இருந்தால், வாரத்தில் ஒரு நாளாவது, ஒரே நேரத்தில், ஒரே மேசையில் உட்கார்ந்து பழகிக்கொள்ளுங்கள். கூட்டம் இல்லாத ரெண்டுங்கெட்டான் நேரமாகப் போங்கள், கடைக்காரருக்கும் பேச நேரம் இருக்கும். பரிமாறுகிற பையனுடைய ஊரைக் கேளுங்கள். கூட்டம் வரும் நேரத்தில் மேசையை அடைத்துக்கொண்டு உட்காராமல் எழுந்துவிடுங்கள். நாங்கள் பன்னிரண்டு அடிப்பதற்குள் எழுந்துவிடுவோம். பிள்ளைகளுடைய போன் நம்பரைக் கல்லாவில் கொடுத்து வையுங்கள்.

மாத்திரையைப் போட்டுவிட்டு எதையாவது சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். ஊத்தப்பம் கொஞ்ச நேரம் காத்திருக்கும், மாவு அதற்குள் இன்னும் நன்றாகப் புளிக்கும்.